டீசலா, குட்டிக் குளோவா, பற்றரியா: கொழும்பில கொன்ட்ரோல் லைன் ரேஸ் தொடங்க எது சரி

போன மாசம் ஒரு ராத்திரி எங்கட வெள்ளவத்தை ஃபிளட்டில சாப்பாட்டு மேசைக்கு மேல மூண்டு சாமான் வரிசையா கிடந்திச்சு. பெரியப்பா எழுபதுகளில இங்கிலாந்தில இருந்து வரேக்க கொண்டு வந்த பிஏடபிள்யூ 2.49 சிசி டீசல் எஞ்சின், மருமகன்ட கூட்டாளி கனடாவில இருந்து கொண்டந்த கொக்ஸ் .049 குளோ எஞ்சின், மற்றது நான் ஓடர் பண்ணி எடுப்பிச்ச, பற்றரியில ஓடுற ஒரு பிரஷ்லெஸ் மோட்டர். அதைச் சுத்தி ஆறு பேர் இருந்து கதைச்சுக் கதைச்சு பதினொரு மணி ஆகியும் முடிவு வரேல்லை. கொழும்பில கொன்ட்ரோல் லைன் ரேஸ், அதாவது வயரில கட்டிச் சுத்தவிடுற மொடல் ப்ளேன் ரேஸ், தொடங்கிறது எண்டால் எல்லாரும் ஒரே வகைக்குப் போகவேணும், ஆளுக்கொரு வகை வச்சுக்கொண்டு ரேஸ் ஓடேலாது, அப்ப எந்த வகை? அதுக்குப் பிறகு நாலைஞ்சு ஞாயிறு கிரவுண்டுக்குப் போய்ப் பறக்கவிட்டுப் பாத்த பிறகு எனக்கு ஒரு முடிவு வந்திட்டுது, அதைத்தான் காரணத்தோட எழுதிறன்.

இதைக் காணாத ஆக்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறன். கொன்ட்ரோல் லைன் மொடலில றேடியோ கிடையாது. பைலட் வட்டத்துக்கு நடுவில நிக்கிறார், கையில ஒரு ஹான்டில், அதில இருந்து ரெண்டு மெல்லிய இரும்பு வயர் ப்ளேனுக்குப் போகுது. ப்ளேனுக்குள்ள பெல்க்ராங்க் எண்டு ஒரு சின்ன முக்கோணத் தகடு, ஹான்டிலைச் சாய்க்கிற பக்கத்துக்கு அது திரும்பி வால் பக்கத்து எலிவேட்டரை ஏத்தும் இறக்கும். அவ்வளவுதான் கொன்ட்ரோல். மிச்சம் எல்லாம் ப்ளேன் தன்ட வேகத்தில வெளிய இழுக்கிற இழுவையில நிக்கிற விஷயம். பட்டம் காத்தில நிக்கும், இது தன்ட ஓட்டத்தில நிக்கும், ஆனா நூல் தளர்ந்தா ரெண்டுக்கும் ஒரே கதிதான். 1940 அளவில அமெரிக்காவில ஜிம் வோக்கர் எண்டவர் யூ-கொன்ட்ரோல் எண்டு பேர் வச்சு ஃபயர்போல் மொடலோட இதைக் கடைக்குக் கொண்டு வந்து ஊரெல்லாம் பரப்பினார்.

ஏன் றேடியோ ப்ளேன் இல்லை, ஏன் ட்ரோன் இல்லை எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். கொழும்பில இருக்கிறவைக்கு இதுக்குப் பதில் தெரியும். றேடியோ சாமான் இறக்கிறதுக்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின்ட (டிஆர்சி) அனுமதி, ட்ரோன் எண்டால் சிவில் விமானப் பக்கத்துப் பதிவு, 2019 ஏப்ரலுக்குப் பிறகு ட்ரோன் பறக்கிறதையே நாடு முழுக்க நிப்பாட்டி வச்சதும் ஞாபகம் இருக்கும். கொன்ட்ரோல் லைன் ப்ளேன் வயர் நீளத்துக்கு அங்கால போகாது, கமரா இல்லை, றேடியோ இல்லை. அதுக்காக யாரையும் கேக்காமப் போய்ப் பறக்கவிடலாம் எண்டு நான் சொல்ல வரேல்லை, கிரவுண்ட் சொந்தக்காரரிட்டயும் பொலிசிலயும் ஒருக்கா சொல்லிட்டுத்தான் நாங்கள் இறங்கினனாங்கள், நீங்களும் அப்படிச் செய்யுங்கோ.

சரி, ரேஸ் எண்டால் என்ன. உலக மட்டத்தில எஃப்-2-சி எண்டு ஒரு வகுப்பு இருக்கு, டீம் ரேஸ். மூண்டு டீம் ஒரே வட்டத்தில, டீமுக்கு ஒரு பைலட் ஒரு மெக்கானிக். எஞ்சின் 2.5 சிசிக்கு மேல போகக்கூடாது, டாங்கில 7 சிசி எரிபொருள்தான், வயர் 15.92 மீட்டர். ஏன் இப்பிடி ஒரு குழம்பின இலக்கம் எண்டால் அந்த நீளத்தில ஒரு சுத்து சரியா 100 மீட்டர் வரும், 100 சுத்து ஓடினா 10 கிலோமீட்டர், ஃபைனல் 200 சுத்து. மூண்டு பைலட்டும் நடுவில 3 மீட்டர் ஆரை வட்டத்துக்குள்ள தோளோட தோள் முட்டிக்கொண்டு சுத்தினபடி, ஒருத்தரை முந்தவேணும் எண்டால் ப்ளேனைக் கொஞ்சம் உயத்தி ஹான்டில் கையை மற்றவற்ற தலைக்கு மேலால கொண்டு போகவேணும். கையால ப்ளேனை இழுத்து வேகம் குடுத்தா தண்டனை. எரிபொருள் முடியேக்க இறக்கி, வட்டத்துக்கு வெளிய குந்தி இருக்கிற மெக்கானிக் ஓடி வாற ப்ளேனை வெளிப்பக்கச் செட்டையில பிடிச்சு, கையில கட்டின பிரஷர் டாங்கில இருந்து எரிபொருள் அடிச்சு, ப்ரொப்பெல்லரை ஒரு தட்டுத் தட்டி திரும்ப விடுவார், எல்லாம் சில செக்கனுக்குள்ள. என்னைக் கேட்டால் ரேஸ் எண்டது அந்த சில செக்கன்தான், மிச்சம் சும்மா சுத்திறது. இதை மனசில வச்சுக்கொண்டு மேல வாசியுங்கோ, ஏனெண்டால் மூண்டு வகையையும் நான் அளந்து பாத்தது இந்த ஒரு கோலாலதான்: பைலட்டும் மெக்கானிக்கும் சேந்து செய்யிற அந்த வேலை கொழும்பில கிழமைக்குக் கிழமை எங்களுக்குக் கிடைக்குமா இல்லையா.

முதல்ல டீசல், ஏனெண்டால் மனசு அங்கதான் போகுது. மொடல் டீசலுக்குக் கரண்டும் வேணாம் ப்ளக்கும் வேணாம், சிலிண்டருக்கு மேல ஒரு சின்னத் திருகு, அதை இறுக்க இறுக்க அமுக்கம் கூடி எரிபொருள் தானாப் பத்தும். பெரியப்பா அந்த எஞ்சினை ஒரு பலகைத் துண்டில பூட்டி கிரவுண்டில வச்சு ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். விரலால ப்ரொப்பைத் தட்டித் தட்டி, திருகைக் கால்வாசி இறுக்கி, திரும்பத் தட்டி, எட்டாவதோ ஒன்பதாவதோ தட்டில "டப்" எண்டு ஒரு தரம் பத்தி நிண்டுது, பிறகு திருகைக் கொஞ்சம் தளத்தி ஊசி வால்வை ரெண்டு கிளிக் அடைச்சார், அப்ப வந்த சத்தம் இருக்கே, கொக்குப் பட்டத்தில பெரிய விண் கட்டி ஏத்தேக்க வாற அந்தக் கூவல் மாதிரி ஒரே சீரா. எழுபத்தி ஆறு வயது மனுசன், விரல் நுனியில எண்ணை வடியுது, முகத்தைப் பாத்தா பதினாறு வயதுப் பெடியன்.

ஆனா எரிபொருள்? டீசல் எஞ்சினுக்கு ஊத்திறது ஷெட்டில அடிக்கிற டீசல் இல்லை. மண்ணெண்ணை, ஆமணக்கெண்ணை, ஈதர், மூண்டும் ஏறக்குறைய மூண்டிலொரு பங்கு. மண்ணெண்ணை பிரச்சினை இல்லை, ஆமணக்கெண்ணையும் எடுக்கலாம். ஈதர்தான் சிக்கல். 1988 ஆம் ஆண்டு ஐநா போதைப்பொருள் உடன்படிக்கையில கண்காணிக்க வேண்டிய இரசாயனப் பட்டியலில ஈதரும் இருக்கு, அதால ஒருத்தர் கடைக்குப் போய் ஒரு போத்தல் தாங்கோ எண்டு கேட்டு வாங்கிற சாமான் இல்லை அது. கிடைச்சாலும் கொழும்பு வெக்கை அதுக்குச் சரிவராது. ஈதர் கொதிக்கிறது 35 பாகை செல்சியசுக்குக் கிட்ட, மத்தியானம் வெளியில வெயில் 31, 32 எண்டால் பூட்டின காருக்குள்ள எவ்வளவு எண்டு யோசியுங்கோ. போத்தல் ஊதும், மூடியைத் திறக்க ஈதர் முதல்ல பறக்கும், கலவையின்ட பங்கு மாறும், காலமை ஸ்டார்ட் ஆன எஞ்சின் பத்து மணிக்கு ஸ்டார்ட் ஆகாது. அந்த ஆவி பத்தினா என்ன நடக்கும் எண்டதை விளக்கத் தேவையில்லை, அதை ஃபிளட்டில குழந்தையள் இருக்கிற வீட்டில வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டன். பெரியப்பா காட்டின அந்த ஒரு ஓட்டத்துக்கே எரிபொருள் எடுக்க மூண்டு கிழமை அலைஞ்சனாங்கள்.

இன்னொண்டு, எஃப்-2-சி எஞ்சின் வேற, பெரியப்பாட எஞ்சின் வேற. போட்டிக்கு ஓடுறது உக்ரைன் ரஷ்யாப் பக்கம் ஆக்கள் கையால கொஞ்சம் கொஞ்சமாச் செய்யிறது, ப்ளேனும் அப்பிடித்தான், 200 கிலோமீட்டர் வேகத்துக்குப் போற சாமான். ஒரு கணக்குப் பாருங்கோ, 450 கிராம் ப்ளேன் அந்த வேகத்தில 15.92 மீட்டர் வயரில சுத்தினா கையை இழுக்கிற இழுவை 9 கிலோ வரும், ஒரு சுத்துக்கு 1.8 செக்கன். பழகாத ஆள் பத்துச் சுத்தில தலை சுத்தி இருந்திடுவார். எஃப்-2-எஃப் எண்டு இதைவிட எளிமையா, தட்டை உடம்போட ஒரு டீசல் வகுப்பும் இருக்கு, மெதுவானது, செலவும் குறைவு, டீசல்தான் வேணும் எண்டு நிக்கிற ஆக்கள் அதைப் பாக்கலாம், ஆனா ஈதர் பிரச்சினை அங்கயும் அதே பிரச்சினைதான்.

கொக்ஸ் .049 பற்றிக் கனக்கச் சொல்ல இல்லை. 0.8 சிசி, உள்ளங்கையில வச்சு மூடலாம், அமெரிக்காவில இதை வச்சு மவுஸ் ரேஸ் எண்டு ஓடுறவை, தொடங்கிற ஆக்களுக்கெண்டே வந்த வகுப்பு. வடிவான எஞ்சின். மெதனோல், ஆமணக்கெண்ணை, நைட்ரோமீதேன் கலந்த எரிபொருள், ஸ்டார்ட் பண்ண 1.5 வோல்ட் பற்றரி ஒண்டு. இந்தச் சின்ன எஞ்சினுக்கு நைட்ரோ கொஞ்சம் கூட வேணும், அதுதான் இங்க எடுக்கேலாத பங்கு, எரியிற திரவம் எண்டபடியா தபாலிலயும் வராது. மெதனோல் ஈரம் குடிக்கிற சாமான், எங்கட கடற்கரைக் காத்தில மூடியை ஒழுங்கா இறுக்காத கேனில ஒரு மாசம் கிடந்தா பிறகு அதை நம்பேலாது. கொக்ஸ் எஞ்சின் இப்ப பழைய ஸ்டொக்கும் உதிரிப்பாகமும்தான், குளோ ஹெட் (எரிபொருளைப் பத்தவைக்கிற கம்பி உள்ள மூடி) போச்செண்டால் ஹெட்டையே மாத்தவேணும், அதுவும் வெளிநாட்டில இருந்து ஆரும் வரேக்க கொண்டந்தால்தான் உண்டு. சத்தம் வேற. அது நுளம்பு காதுக்குள்ள கத்திற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம், ஞாயிறு காலமை ட்யூசன் நடக்கிற ஏரியாவில ரெண்டாம் கிழமையே ஆள் வந்து கேப்பினம்.

அப்ப பற்றரி. இதைச் சொல்லேக்க எங்கட கூட்டத்தில ரெண்டு பேர் முகத்தைச் சுழிச்சினம், எனக்கு அது விளங்குது, எண்ணை மணம் இல்லாத ரேஸ் என்ன ரேஸ் எண்டு அவைக்கு. அவையின்ட உண்மையான முறைப்பாடு இன்னொண்டு, அது நியாயமானது: எரிபொருள் ஊத்திறது இல்லை எண்டால் பிட் (ரேஸ் நடுவில இறக்கி ஊத்தித் திரும்ப விடுற வேலை) இல்லை, பிட் இல்லை எண்டால் மெக்கானிக்குக்கு வேலை இல்லை, பிறகு ரேசில பாதி போச்சு. இதுக்கு விடை கிடைக்கிற வரைக்கும் நானும் பற்றரிக்கு ஓம் சொல்லேல்லை.

முதல்ல சாமானைச் சொல்லுறன். 2212 அளவு மோட்டர் 1400 கேவி (ஒரு வோல்டுக்கு நிமிசத்துக்கு 1400 சுத்து), 8க்கு 6 அங்குல ப்ரொப், மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்திற 30 அம்பியர் ஈஎஸ்சி, 3 செல் 1300 மில்லி அம்பியர்-மணி லைபோ பற்றரி. ப்ளேன் எல்லாம் சேத்து 350 கிராம். 12 மீட்டர் வயரில 80 கிலோமீட்டர் வேகம் எண்டால் ஒரு சுத்து 3.4 செக்கன், கையில இழுவை ஒண்டரைக் கிலோ. பதின்மூண்டு வயது மருமகள் பிடிக்கக்கூடிய இழுவை, அதே நேரம் வயர் தளராம இருக்கிறதுக்கும் போதும். பறக்கேக்க சராசரி 12 அம்பியர் எடுக்குது, பற்றரியில 80 வீதம் மட்டும் பாவிக்கிறது எண்டு வச்சா 5 நிமிசம், ஏறக்குறைய எண்பத்தெட்டுச் சுத்து. றேடியோ இல்லாதபடியா மோட்டரை ஓட்ட ஒரு டைமர் வேணும், அது ஆர்டுயினோ நானோ எண்ட குட்டிக் கொம்பியூட்டர் போர்ட் ஒண்டில மருமகன் ஒரு பின்னேரத்தில எழுதிப்போட்டான், ஈஎஸ்சிக்கு சேர்வோ சிக்னல் குடுக்கிறது மட்டும்தானே, பட்டனை அமத்தினா 5 செக்கன் பொறுத்து மெதுவா ஏறும், சொன்ன நேரத்தில நிக்கும்.

மூண்டாவது பறப்பில ப்ளேன் மூக்குக் குத்தி புல்லுக்குள்ள விழுந்திச்சு. விழுந்தது ஒரு பக்கம் இருக்க, டைமருக்கு அது விழுந்தது தெரியாது, புல்லுக்குள்ள ப்ரொப் இறுகி நிக்க மோட்டர் சுத்தப் பாத்துக்கொண்டே இருந்திச்சு, நாங்கள் ஓடிப் போறதுக்குள்ள ஈஎஸ்சியில இருந்து புகை. அந்தப் புகையிலதான் எங்கட ரெண்டு பிரச்சினைக்கும் ஒரே விடை வந்திச்சு. டீசல் டீம் ரேஸ்காரர் எஞ்சினை நிப்பாட்ட என்ன செய்யிறவை எண்டால் எலிவேட்டரை ஒரு கணம் முழுக்கக் கீழ வெட்டுவினம், அதில எரிபொருள் குழாய் அடைபடும். அதே மாதிரி நாங்கள் பெல்க்ராங்குக்குப் பக்கத்தில ஒரு மைக்ரோ சுவிட்ச் வச்சம், பைலட் ஹான்டிலை முழுக்கக் கீழ ஒரு வெட்டு வெட்டினா டைமர் மோட்டரை அந்த இடத்திலயே நிப்பாட்டும். அப்ப ஆபத்து எண்டாலும் நிப்பாட்டலாம், பிட்டுக்கு இறக்கவும் நிப்பாட்டலாம்.

போன ஞாயிறு அதை முதல்தரம் செய்து பாத்தம். இருபதாம் சுத்தில நான் ஒரு வெட்டு வெட்ட மோட்டர் சத்தம் அறுந்துது, ப்ளேன் கொஞ்சம் கொஞ்சமா வேகம் இறங்கி முக்கால் சுத்தில சில்லு நிலத்தில முட்டுது, மருமகன் கோட்டுக்கு வெளிய ஒரு முழங்கால் நிலத்தில ஊண்டி இடது கையை நீட்டினபடி இருக்கிறான், செட்டையின்ட முன்விளிம்பு அவன்ட உள்ளங்கைக்குள்ள வந்து "தப்" எண்டு நிண்டுது. வலது கையால பற்றரியின்ட வெல்க்ரோ பட்டியை இழுத்தான், பழசைக் கழட்டிப் புதுசைச் செருகினான், பட்டனை அமத்தினான், விட்டான். 14 செக்கன். ரெண்டாம் தரம் 11. முகத்தைச் சுழிச்ச ரெண்டு பேரில ஒருத்தர் ஸ்டொப்வோச்சை என்னட்ட இருந்து பறிச்செடுத்து வச்சுக்கொண்டார், பிறகு குடுக்கேல்லை.

பற்றரிக்கும் தன்ட ஆபத்து இருக்கு, அதை மறைச்சு எழுத மாட்டன். அடிபட்டு ஊதின லைபோவைத் திரும்பப் பாவிக்கக் கூடாது, சார்ஜ் போட்டிட்டு நித்திரைக்குப் போகக் கூடாது, வைக்கேக்க செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில வைக்கவேணும், பூட்டின காருக்குள்ள இதையும் விடக்கூடாது. பற்றரி மாத்தேக்க ப்ரொப்புக்குப் பக்கத்தில கை போகுது, அதால பட்டன் செட்டைக்கு வெளிப்பக்கம், அந்த 5 செக்கன் தாமதத்தைக் குறைக்கிறதில்லை எண்டு தீர்மானம். ஆனா இதெல்லாம் ஒழுங்கா நடந்தா வராத ஆபத்து. ஈதர் ஒழுங்கா நடந்தாலும் கிடைக்காத சாமான்.

எதால செய்யிறது எண்ட கேள்விக்கு எங்களுக்குள்ள பெரிய சண்டை இல்லை. போல்சா மரம்தான் நல்லது, பாரம் குறைவு, விறைப்பு, வேகத்தில செட்டை நெளியாது. ஆனா அது வெளியில இருந்து வரவேணும், தபாலில வாறது பாதி வழியில முறிஞ்சு வந்த அனுபவம் இருக்கு. பழகிற ஆள் முதல் மாசத்தில எப்பிடியும் ரெண்டு மூண்டு ப்ளேன் உடைப்பார், அதுக்குப் போல்சாவைக் குடுக்க மனம் வராது. ஸ்டேஷனரிக் கடையில விக்கிற 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டில செட்டை வெட்டி, நடுவில மூங்கில் சீவலை ஓடவிட்டு, மூக்கை 3 மில்லிமீட்டர் பிளைவூட்டில செய்தம், மூங்கில் சீவிறதை ஊரில பட்டம் கட்டின கை மறக்கேல்லை. ரெஜிபோமும் பாத்தம், அது மணி மணியா உதிருது, வேணாம். ஃபோம் போர்ட் உடைஞ்சா அண்டு ராத்திரியே பைண்டர் கம் போட்டு ஒட்டி விடியப் பறக்கலாம். 100 கிலோமீட்டருக்கு மேல போகேக்க செட்டை நெளியத் தொடங்கும், அப்ப போல்சாவுக்குப் போவம். ரெண்டிலயும் மறக்கக் கூடாதது வெளிச் செட்டை நுனியில கொஞ்சம் பாரம், மோட்டரை ஒரு ரெண்டு பாகை வெளிப்பக்கம் திருப்பிப் பூட்டிறது, இல்லாட்டி தொடக்கத்திலயே வயர் தளரும். வயருக்கு மீன்பிடிச் சாமான் கடையில விக்கிற பின்னின நூல் இந்தச் சைசுக்குப் போதும், சாதாரண தங்கூசி இழுபடும், சரிவராது. இரும்பு எண்டால் ஸ்டெயின்லெஸ்தான், உப்புக் காத்து மற்றதை விட்டு வைக்காது. எதை எடுத்தாலும் ஒவ்வொரு பறப்புக்கும் முதல் ஒருத்தர் ப்ளேனைப் பிடிக்க ஒருத்தர் ஹான்டிலை இழுத்துப் பாக்கவேணும், பறக்கிற இழுவையை விடப் பல மடங்கு. ஹான்டிலில இருந்து மணிக்கட்டுக்கு ஒரு பட்டி, அது இல்லாம ஒருத்தரும் வட்டத்துக்குள்ள வாறதில்லை.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலி முகத்திடல் எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வாற இடம், அதை மறந்திடுங்கோ, சனம், பட்ட நூல், கடல் காத்து. காத்து வாற பக்கம் ப்ளேன் வரேக்க காத்து அதை உங்களை நோக்கித் தள்ளும், வயர் தளரும், அந்தக் கணத்தில ரெண்டு அடி பின்னுக்கு வைக்கத் தெரியாட்டி முடிஞ்சுது. மே தொடக்கம் செப்ரெம்பர் வரைக்கும் தென்மேல் காத்து காலமையிலயே எழும்பிடும், சனவரி தொடக்கம் மார்ச் வரைக்கும் காலமை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில கிடைக்கிற அமைதி வேற எப்பவும் கிடைக்காது. ஏப்ரலிலயும் ஒக்டோபர் நவம்பரிலயும் பின்னேர இடி. கையில இரும்பு வயர், முதல் உறுமலோட மூட்டை கட்டுங்கோ. கரண்ட் கம்பி பக்கத்தில போற கிரவுண்ட் எவ்வளவு வடிவா இருந்தாலும் வேணாம். 12 மீட்டர் வயருக்கு 35 மீட்டர் அகலம் ஒரு தடையும் இல்லாமக் கிடைச்சாப் போதும், பள்ளிக்கூட கிரவுண்ட் மூலையிலயே வட்டம் கீறலாம். எஃப்-2-சிக்கு 19.6 மீட்டர் ஆரை வட்டம், அதுவும் சீமெந்தோ தாரோ போட்ட நிலம், கொழும்புக்குள்ள அப்பிடி ஒரு நிலத்தை ஆர் எங்களுக்குத் தரப்போகினம்.

அதால என்ர முடிவு பற்றரி, ஃபோம் போர்ட், 12 மீட்டர், எல்லாருக்கும் ஒரே மோட்டர் ஒரே ப்ரொப். ஒரு டீம் காசு கூடப் போட்டு வேகமா மோட்டர் வாங்கிற வழி இருக்கக் கூடாது, வித்தியாசம் கையிலயும் பிட்டிலயும்தான் வரவேணும். ரேஸ் 100 சுத்து, ரெண்டு டீம் ஒரே நேரத்தில, கட்டாயம் ரெண்டு பிட், ரெண்டிலயும் பற்றரி மாத்தவேணும். 100 சுத்துக்கு ஒருக்கா பற்றரி மாத்தினாலே காணும் எண்டு ஒருத்தர் கணக்குச் சொன்னார், சரிதான், ஆனா ரெண்டு வேணும் எண்டு நான் விடாப்பிடியா நிண்டன், மெக்கானிக்குக்கு ரெண்டாவது வாய்ப்பு இருக்கவேணும்.

பெரியப்பா ஒண்டும் சொல்லாம எஞ்சினைத் துடைச்சு, ஓட்டைக்குள்ள ரெண்டு துளி எண்ணை விட்டு, துணியில சுத்தித் திரும்ப டப்பாவுக்குள்ள வச்சார். பிறகு தன்ட பழைய ஹான்டிலை எடுத்து மருமகளிட்ட குடுத்தார், பிடி தேய்ஞ்சு பளபளக்கிற சாமான், அதில வயர் கொழுவிற இடம் இண்டைக்கும் சரியாத்தான் இருக்கு. வாற ஞாயிறு ஆறரைக்கு ரெண்டு டீமின்ட வயரையும் நிலத்தில நீட்டி, பிடியில இருந்து ப்ளேன்ட நடுக்கோடு வரைக்கும் 12 மீட்டர் அளந்து வெட்டிறம்.